பொங்கலுக்குக் கட்டடத்தை மூடும்போது மெயினை இறக்கலாமா?

கேள்வி சுருக்கமாக இது. சென்னையில் ஆறு மாடி வணிகக் கட்டடம், கீழே இரண்டு கடைகள், மேலே அலுவலகங்கள், அடித்தளத்தில் பார்க்கிங். போகியில் தொடங்கி ஐந்து நாள் மூடுகிறார்கள். "மெயினை இறக்கிவிட்டுப் பூட்டுங்கள், கரண்டே இல்லையென்றால் ஷார்ட் சர்க்யூட் எங்கிருந்து வரும்" என்கிறார் உரிமையாளர். அது சரியா, அந்த நாட்களில் வரும் சோதனைகளைத் தள்ளிப்போடலாமா, இரண்டு செக்யூரிட்டிகளிடம் என்ன சொல்லிவிட்டுப் போவது என்று கேட்டிருக்கிறீர்கள்.

மெயினை இறக்காதீர்கள். உரிமையாளர் பயப்படுவதில் தப்பில்லை, ஆனால் மெயினை இறக்கினால் தீ பிடிக்கும் வழிகளில் ஒன்றிரண்டு அடைபடும், தீயைக் கண்டுபிடிக்கும் வழியும் அணைக்கும் வழியும் மொத்தமாக அடைபடும். நான் பத்தொன்பது வருடமாகக் கட்டடப் பராமரிப்பில் இருக்கிறேன், இந்த ஒரு விஷயத்தை ஒவ்வொரு பண்டிகைக்கும் யாரிடமாவது விளக்க வேண்டியிருக்கிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெயின் ப்ரேக்கரை இறக்கிய நிமிடத்திலிருந்து என்ன நடக்கிறது என்று பாருங்கள். படிக்கட்டிலும் நடைபாதையிலும் இருக்கும் எமர்ஜென்சி விளக்குகள் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து எரிய ஆரம்பிக்கும். அவை சுமார் 90 நிமிடத்துக்கு வடிவமைக்கப்பட்டவை, அதாவது நீங்கள் வீட்டுக்குப் போய்ச் சேரும் நேரத்தில் எல்லாம் அணைந்திருக்கும், அப்புறம் ஐந்து நாள் வற்றிய பேட்டரியோடு தொங்கும். அப்படி முழுதாக வற்றிக் கிடந்த பேட்டரி திரும்ப ஒழுங்காகச் சார்ஜ் ஏறாது. சிசிடிவி யுபிஎஸ்ஸில் அரை மணியோ ஒரு மணியோ ஓடி நிற்கும். ஃபயர் அலாரம் பேனலுக்கென்று தனி பேட்டரி உண்டு, வழக்கமாக அது கரண்ட் இல்லாமல் 24 மணி நேரம் தாங்க வேண்டும். புது பேட்டரியாக இருந்தால் தாங்கும், நாலைந்து வருடப் பழசாக இருந்தால் நான் பார்த்தவரை ஒரு ராத்திரி தாங்கினாலே பெரிது. ஆக, போகிக்கு முந்தின மாலை மெயினை இறக்கினால் பொங்கல் பானை பொங்குவதற்கு முன்பே உங்கள் கட்டடத்தில் புகையை உணர எதுவும் இருக்காது.

தீயணைப்புத் தண்ணீர்க் குழாயில் அழுத்தம் இறங்கும்போதெல்லாம் அதை ஏற்றிவைக்கும் சின்ன பம்பான ஜாக்கி பம்ப் ஓடாது. அந்தக் குழாயில், அதாவது ஹைட்ரண்ட் லைனில், எங்காவது ஒரு சொட்டுக் கசிவு இல்லாத கட்டடத்தை நான் பார்த்ததில்லை, அதனால் சதுர சென்டிமீட்டருக்கு 7 கிலோவில் நிற்கும் அழுத்தம் மெல்ல மெல்ல இறங்கிப் பூஜ்யத்துக்கு வந்துவிடும். காந்தப் பூட்டுப் போட்ட கதவுகள் கரண்ட் போனால் தானாகத் திறந்துகொள்ளும், தீ விபத்தின்போது மக்கள் வெளியேற வேண்டுமென்று அப்படி வைத்திருக்கிறார்கள். செக்யூரிட்டி என்ன செய்வார்? சங்கிலியைச் சுற்றி ஒரு பூட்டைப் போடுவார். அதாவது உரிமையாளர் சொன்ன ஒரே காரியத்தால் விளக்கு, அலாரம், தண்ணீர், வெளியேறும் வழி, நாலும் போச்சு.

இன்னொன்றைப் போய்க் கண்ணால் பார்த்துவிடுங்கள். ஃபயர் பம்புக்கான மின் இணைப்பு மெயின் ப்ரேக்கருக்கு முன்னாலிருந்து தனியாக வர வேண்டும், மற்ற எல்லாவற்றையும் இறக்கினாலும் பம்ப் உயிரோடு இருக்க வேண்டும் என்பதுதான் முறை. பழைய கட்டடங்களில் பல இடத்தில் எல்டி பேனலுக்குள்ளிருந்தே (கட்டடத்தின் முக்கிய மின்பலகை), மெயினுக்குப் பின்னால், ஒரு சாதாரணக் கிளை இணைப்பில் எடுத்திருப்பார்கள். லேபிளை நம்பாதீர்கள், எலக்ட்ரீஷியனைக் கூட்டிக்கொண்டு கேபிளைத் தொடர்ந்து போய்ப் பாருங்கள்.

சரி, ஷார்ட் சர்க்யூட் பயத்துக்கு என்ன செய்வது? ஒவ்வொரு அலுவலகத்தின் டிபியிலும் (மின் பகிர்வுப் பெட்டி) தனித்தனியாக இறக்குங்கள். ஏசி, கம்ப்யூட்டர், வாட்டர் ஹீட்டர், பேன்ட்ரியில் இருக்கும் மைக்ரோவேவ், போர்டுக்குப் பின்னால் ஒளிந்திருக்கும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ், எல்லாம் அணையட்டும். சர்வரும் அதன் ஏசியும், ஃப்ரிட்ஜ் வைத்திருப்பவர்களின் ஃப்ரிட்ஜும் மட்டும் விதிவிலக்கு, அதற்கு அந்தப் பெட்டியில் எந்த எம்சிபி சுவிட்ச் என்று ஒரு டேப்பில் எழுதி ஒட்டச் சொல்லுங்கள். யுபிஎஸ் அறையின் ஏசியை அணைக்கவே வேண்டாம், மூடிய அறையில் பேட்டரி சூடானால் அதன் ஆயுளும் போகும், ஆபத்தும் கூடும். பொதுப் பகுதியில் எரிய வேண்டியவை ஃபயர் பேனல், பம்புகள், எமர்ஜென்சி விளக்குக்கான லைன், சிசிடிவி, அடித்தளத்தில் சேரும் தண்ணீரை வெளியேற்றும் சம்ப் பம்ப், கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையம் இருந்தால் அதற்குக் காற்று ஊதும் ப்ளோயர். இந்தக் கடைசியை எல்லோரும் மறப்பார்கள். ப்ளோயர் ஐந்து நாள் ஓடாவிட்டால் தொட்டியில் காற்றை நம்பி வாழும் நுண்ணுயிர்கள் செத்து, தொட்டி அழுகி, திறக்கும் நாளில் நாற்றத்தோடு விஷவாயுவும் வரும்.

உண்மையில் பேனல்களில் பயப்பட வேண்டியது லூசான இணைப்புக்குத்தான், அது காலியாக இருக்கும்போது அல்ல, முழு லோடு ஓடும்போதுதான் சூட்டைக் காட்டும். அதனால் மூடுவதற்கு இரண்டு நாள் முன்பு, மதியம் மூன்று மணிக்கு, எல்லா ஏசியும் ஓடும் நேரத்தில், தெர்மல் கேமரா உள்ள ஒருவரை வரவழைத்து எல்டி பேனலைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒரு மணி நேர வேலை. பக்கத்து இணைப்புகளைவிட ஒரு கேபிள் லக் (கேபிளின் முனை இணைப்பு) மட்டும் சூடாகத் தெரிந்தால் அன்றைக்கே முடுக்கிவிடலாம். உரிமையாளரின் பயத்துக்கு இதுதான் நேரான பதில்.

இப்போது பம்ப் அறை. சில வருடங்களுக்கு முன் ஒரு தீபாவளி மறுநாள் காலை ஏழரைக்கு ஒரு கட்டடத்தின் பம்ப் அறைக்குள் போனேன். உள்ளே நுழைந்ததும் ஏதோ சரியில்லை என்று பட்டது, சத்தமே இல்லை. கேஜில் முள் ஒன்றரை கிலோவில் நின்றது. பேனலில் ஜாக்கி, மெயின், டீசல் மூன்று பம்புக்கும் செலக்டர் சுவிட்ச் ஆஃபில் இருந்தது. இரவு செக்யூரிட்டி அறுபது வயதைத் தாண்டிய பெரியவர், அவராகவே வந்து சொன்னார்: "சார், எட்டு நிமிஷத்துக்கு ஒரு தடவை ஓடுது, மோட்டார் எரிஞ்சிடுமோன்னு பயந்து நிப்பாட்டிட்டேன்." பாதுகாப்பு என்று நினைத்துத்தான் அவர் செய்திருக்கிறார். சுற்றிலும் வெடி வெடித்துக்கொண்டிருந்த அந்த ராத்திரி முழுக்க ஆறு மாடிக்கும் தண்ணீர் இல்லை. காரணத்தைத் தேடிப் போனால் மூன்றாவது மாடியில் ஒரு ஹைட்ரண்ட் வால்வு, ஹோஸ் பெட்டிக்குக் கீழே தரை ஈரம், சுவரில் உள்ளங்கை அளவுக்குப் பாசி. பாசி ஒரு ராத்திரியில் பிடிப்பதில்லை. வாரக்கணக்கில் கசிந்திருக்கிறது, பகலில் ஆள் சத்தத்தில் பம்ப் அடிக்கடி ஓடுவது யார் காதிலும் விழவில்லை. அந்த வால்வை முன்பே நான் பார்த்திருக்க வேண்டும், பெரியவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

அன்றிலிருந்து என் வழக்கம், மூடுவதற்கு நான்கு நாள் முன்பு பம்ப் அறையில் ஒரு மணி நேரம் உட்காருவேன். ஜாக்கி பம்ப் எத்தனை தடவை ஓடுகிறது என்று எண்ணுவேன். ஒரு மணியில் ஒரு தடவைக்கு மேல் ஓடினால் கசிவைக் கண்டுபிடிக்காமல் கிளம்புவதில்லை. அப்புறம் டெஸ்ட் வால்வைத் திறந்து அழுத்தத்தை இறக்கிப் பார்க்க வேண்டும்: முதலில் ஜாக்கி, இன்னும் இறங்கினால் மெயின் பம்ப், அதுவும் வராவிட்டால் டீசல் பம்ப், யாரும் தொடாமல் தானாக வரிசையாக ஓட வேண்டும். உச்சி மாடியின் கடைசி ஹைட்ரண்டில் 3.5 கிலோ அழுத்தம் வேண்டும் என்கிறது தேசியக் கட்டட விதித்தொகுப்பு. டீசல் பம்பின் பேட்டரித் துருவங்களைத் திறந்து பாருங்கள், வெள்ளைப் பொடி பூத்திருந்தால் சுத்தம் செய்யுங்கள். டேங்கில் டீசலை நிரப்புங்கள், பொங்கலன்று கேனைத் தூக்கிக்கொண்டு யாரும் பங்க் தேடிப் போக வேண்டியதில்லை. எல்லாம் முடிந்தபின் மூன்று சுவிட்சும் ஆட்டோவில் இருப்பதைப் போட்டோ எடுத்து உங்கள் போனில் வைத்துக்கொள்ளுங்கள், அறைக் கதவில் "எவ்வளவு சத்தம் வந்தாலும் நிறுத்த வேண்டாம், எனக்குப் போன் செய்யவும்" என்று எழுதி ஒட்டுங்கள். செக்யூரிட்டி ஒடிசாவிலிருந்தோ அசாமிலிருந்தோ வந்த தம்பியாக இருந்தால் அவருக்குத் தெரிந்த மொழியிலும் எழுதுங்கள்.

போகிக்கு என்று தனியாக ஒரு சிக்கல் உண்டு, தீபாவளியில்கூட இவ்வளவு இல்லை. விடிகாலை நாலு மணிக்கே தெருவில் பழைய பாய்களும் டயரும் எரிய ஆரம்பிக்கும், பனியோடு புகை கலந்து தரையோடு தரையாக நிற்கும். 2018 போகியன்று சென்னை விமான நிலையத்தில் ஓடுதளமே தெரியாமல் விமானங்கள் தாமதமாகின, சில வேறு ஊருக்குத் திருப்பிவிடப்பட்டன, அந்த அளவுக்குப் புகை. அது உங்கள் பார்க்கிங் சரிவு வழியாக அடித்தளத்துக்கு இறங்கும், புகை டிடெக்டர் கத்தும். செக்யூரிட்டி போன் செய்வார், நீங்கள் தூக்கக் கலக்கத்தில் "அந்த ஸோனை ஐசோலேட் பண்ணிடுப்பா" என்பீர்கள். அந்தப் பகுதியின் டிடெக்டர்களைப் பேனலிலிருந்து துண்டித்துவிடு என்று அர்த்தம். அதோடு அந்த ஸோன் பொங்கல் முடியும் வரை செத்துக் கிடக்கும், ஏனென்றால் திரும்பப் போடச் சொல்ல யாருக்கும் ஞாபகம் இருக்காது. முடிந்தால் போகி காலையில் அடித்தள ஷட்டரை ஒன்பது மணி வரை இறக்கியே வையுங்கள், உள்ளே யாரும் இல்லை என்று உறுதி செய்துவிட்டு, அதுவும் உள்ளிருந்து திறக்கக்கூடிய ஷட்டராக இருந்தால் மட்டும். ஐசோலேட் செய்தே ஆக வேண்டும் என்றால் அதே நேரத்தில் உங்கள் போனில் பத்து மணிக்கு அலாரம் வைத்துக்கொண்டு, பத்து மணிக்குத் திரும்பப் போட்டாயிற்றா என்று பேனலின் போட்டோவை அனுப்பச் சொல்லுங்கள். இடைப்பட்ட நேரத்தில் அரை மணிக்கு ஒரு தடவை அடித்தளத்தை ஒருவர் நடந்து பார்க்கட்டும்.

கடைகளிடம் தனியாகப் பேச வேண்டிய விஷயம் சாமி விளக்கு. மூடும் நாளன்று பூஜை போட்டு, படத்துக்கு முன்னால் எண்ணெய் விளக்கை ஏற்றி வைத்துவிட்டு, அது எரிந்துகொண்டிருக்கும்போதே ஷட்டரை இறக்கிவிட்டுப் போகிறவர்கள் இருக்கிறார்கள். விளக்கைத் தானாக அணைய விட வேண்டும், ஊதக் கூடாது என்ற எண்ணம். அதை நான் மதிக்கிறேன், ஆனால் எலிக்கு எண்ணெய் ஊறிய திரி என்றால் உயிர். எரியும் திரியை இழுத்துக்கொண்டு துணி அடுக்குக்குள் ஓடினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பூஜையை ஒரு மணி நேரம் முன்னால் வைத்துக்கொள்ளுங்கள், விளக்கு குளிர்ந்தபின் பூட்டுங்கள் என்று கேட்டுக்கொண்டால் யாரும் மறுப்பதில்லை, என் அனுபவத்தில் ஒருவர்கூட முகம் சுளித்ததில்லை. சாமி படத்தைச் சுற்றிய சீரியல் லைட்டையும் பிடுங்கிவிடச் சொல்லுங்கள்.

"ஆள்தான் இல்லையே, எரிந்தாலும் பொருள்தானே போகும், அதற்கு இன்சூரன்ஸ் இருக்கிறது" என்று ஒரு வாதம் வரும். 2012 ஜனவரி 16, பொங்கல் விடுமுறையின் நடுவே, அதிகாலையில் சேப்பாக்கம் எழிலக வளாகத்தில் இருக்கும் கலச மகாலில் தீப் பிடித்தது. ஆர்க்காடு நவாபின் அரண்மனையாக இருந்து அரசு அலுவலகமாக மாறிய கட்டடம், உள்ளே கோப்புகள். அலுவலர்கள் யாரும் இல்லை. ஆனால் தீயை அணைக்க உள்ளே போன தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார், உடன் இருந்த பெண் அதிகாரி ஒருவருக்குக் கடுமையான தீக்காயம். காலிக் கட்டடம் என்று நாம் சொல்கிறோம், வெளியிலிருந்து வருகிறவருக்கு அது காலியா இல்லையா என்று தெரியாது, தெரியாததால்தான் உள்ளே போகிறார். எனக்கு இந்த வேலையில் மனதை விட்டு நீங்காத ஒன்று இது. அதனால் உள்ளே யார் இருக்கிறார்கள், எத்தனை பேர், எந்த மாடியில் என்பதை ஒரு அட்டையில் எழுதி வாசல் செக்யூரிட்டி மேசையில் வையுங்கள், ஷிஃப்ட் மாறும்போதெல்லாம் மாற்றி எழுதட்டும். அதே அட்டையில் டீசல் எங்கே இருக்கிறது, மெயின் ப்ரேக்கர் எங்கே, தீயணைப்பு வண்டி தண்ணீர் ஏற்றும் ஹைட்ரண்ட் இன்லெட் எங்கே என்று மூன்று வரி. தீயணைப்பு வண்டி வந்ததும் அதைக் கையில் கொடுக்க வேண்டும்.

உள்ளே ஆள் இருக்கிறாரா என்பதையும் நீங்களே நடந்து பாருங்கள். 2019 டிசம்பர் 8, ஒரு ஞாயிற்றுக்கிழமை விடிகாலை, டெல்லி அனாஜ் மண்டியில் 43 பேர் இறந்தார்கள், வேலை செய்யும் இடத்திலேயே படுத்துத் தூங்கிய தொழிலாளர்கள். நம் ஊரிலும் ஊருக்குப் போக டிக்கெட் கிடைக்காத பையன்கள் கடையின் மேல்தளத்திலோ ஸ்டோர் ரூமிலோ படுத்துக்கொள்வது உண்டு, முதலாளிக்குக்கூடத் தெரியாது. வெளியே ஷட்டரை இறக்கிப் பூட்டிவிடுவார்கள். ஒவ்வொரு மாடியாக, கழிவறை உட்பட, திறந்து பார்த்துவிட்டுத்தான் பூட்ட வேண்டும். படிக்கட்டுக் கதவு எதிலும் வெளிப்பூட்டு வேண்டாம், திருட்டுப் பயம் இருந்தால் உள்ளிருந்து தள்ளினால் திறக்கும் பேனிக் பார் போடுங்கள், செலவு அதிகமில்லை.

செக்யூரிட்டிகள் பற்றி. பொங்கலன்று சுற்றுவட்டாரத்தில் ஒரு மெஸ்கூடத் திறந்திருக்காது. சாப்பாடு இல்லாத மனிதர் ஒன்று வாசலை விட்டுவிட்டு வெளியே போவார், அல்லது பம்ப் அறையிலோ ஜெனரேட்டர் அறையிலோ கரண்ட் அடுப்பு வைத்துச் சோறு பொங்குவார். இரண்டுமே உங்களுக்கு ஆபத்து, இரண்டுக்கும் அவர் காரணம் இல்லை. மூன்று வேளைச் சாப்பாட்டுக்கு ஏற்பாடு செய்யுங்கள், யார் வீட்டிலிருந்தாவது பொங்கலும் கரும்பும் போகட்டும். கொசுவர்த்திச் சுருளை அட்டைப்பெட்டிக்குப் பக்கத்தில் ஏற்ற வேண்டாம், ஒரு மின்விசிறி கொடுங்கள். பண்டிகை விடுமுறையன்று வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளம், அல்லது அன்றைய சம்பளத்தோடு வேறொரு நாள் விடுமுறை என்று தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டிலிருந்தே சட்டம் இருக்கிறது, ஏஜென்சி அதைக் கொடுக்கிறதா என்று கேளுங்கள். இரவில் ஒருவரைத் தனியாக விடவே கூடாது.

அவர்களிடம் பத்து விஷயம் சொன்னால் ஒன்றும் நிற்காது. நான் மூன்றுதான் சொல்வேன். புகையோ தீயோ பார்த்தால் முதலில் 112 அல்லது 101, அப்புறம்தான் எனக்கு. பெரும்பாலானோர் மேனேஜரைக் கேட்டுவிட்டுத் தீயணைப்புக்குச் சொல்லலாம் என்று காத்திருப்பார்கள், அதற்காகத் திட்டு வாங்குவோமோ என்ற பயம். "நீ தப்பாகக் கூப்பிட்டாலும் நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வாயால் சொல்ல வேண்டும். இரண்டாவது, பேனல் பீப் சத்தம் போட்டால் சத்தத்தை மட்டும் நிறுத்திவிட்டு உட்காராதே, திரையில் இருப்பதைப் போட்டோ எடுத்து அனுப்பு. மூன்றாவது, ஆள் இல்லாத நேரத்தில் லிஃப்டில் ஏறாதே. நடுவில் மாட்டினால் கத்தினாலும் கேட்க ஆள் கிடையாது, காணும் பொங்கலன்று கடற்கரைப் பக்கம் போக்குவரத்து நெரிசலில் டெக்னீஷியன் வந்து சேர எத்தனை மணி ஆகுமோ. லிஃப்டை மேல் மாடியில் நிறுத்தி அணைத்துவிடுங்கள், அடியில் தண்ணீர் புகுந்தாலும் கேபின் தப்பிக்கும். இது தீபாவளிக்கு இன்னும் முக்கியம், வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வரும் பண்டிகை அது. தீபாவளி என்றால் மொட்டை மாடியையும் பாருங்கள்: ஏசி அவுட்டோர் யூனிட் வந்த அட்டைப்பெட்டி, தெர்மாகோல், கிழிந்த ஃப்ளெக்ஸ், எல்லாம் அங்கேதான் கிடக்கும், ராக்கெட் வந்து விழுவதும் அங்கேதான்.

விடுமுறையில் நான் மிகவும் பயப்படுவது வேறொன்றுக்கு. "ஆள் இல்லாதபோது செய்துவிடலாம்" என்று வெல்டிங், பெயின்டிங், சம்ப் சுத்தம், கழிவுநீர்த் தொட்டி சுத்தம் எல்லாவற்றையும் இந்த ஐந்து நாளில் ஒப்பந்தக்காரரிடம் தள்ளிவிடுவார்கள். மேற்பார்வைக்கு ஒருவரும் இருக்க மாட்டார். வெல்டிங் பொறி ஃபால்ஸ் சீலிங்குக்குமேல் விழுந்து ஒரு மணி நேரம் கனன்றுவிட்டுப் பற்றும், அதற்குள் வெல்டர் வீட்டுக்குப் போயிருப்பார். வெல்டிங் செய்தே ஆக வேண்டுமென்றால் மதியத்தோடு முடியட்டும், முடிந்தபின் ஒரு மணி நேரம் ஒருவர் தீயணைப்பு சிலிண்டரோடு அங்கேயே நிற்கட்டும். கழிவுநீர்த் தொட்டிக்குள் ஆளை இறக்குவது என்ற பேச்சுக்கே இடமில்லை. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புக் கருவிகள் இல்லாமல் இறக்குவதைத் தடை செய்கிறது, இறந்தால் 30 லட்சம் ரூபாய் இழப்பீடு என்று 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உயர்த்தியிருக்கிறது. பணத்தை விடுங்கள், ஹைட்ரஜன் சல்ஃபைடு அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் அதன் நாற்றமே தெரியாது, ஒருவர் மயங்கி விழுந்ததும் காப்பாற்ற இறங்கும் அடுத்தவரும் விழுகிறார், அப்படித்தான் ஒரே தொட்டியில் இரண்டு பேர் மூன்று பேர் என்று செய்தி வருகிறது. இயந்திரம் வைத்து உறிஞ்சும் வண்டி, வேலை நாளில், நீங்கள் பக்கத்தில் நிற்கும்போது மட்டும்.

சோதனைகளைத் தள்ளிப்போடலாமா என்று கேட்டீர்கள். முன்னால் இழுங்கள், பின்னால் தள்ளாதீர்கள். வாராந்திர பம்ப் ஓட்டம் 14ஆம் தேதி வருகிறதென்றால் 12ஆம் தேதியே ஓட்டி லாக் புக்கில் எழுதி, ஏன் முன்பே செய்தீர்கள் என்று ஒரு வரி சேர்த்துக் கையெழுத்துப் போடுங்கள். செய்யாத நாளுக்கு உட்கார்ந்து நிரப்பாதீர்கள், ஏதாவது நடந்தால் முதலில் கேட்கப்படும் புத்தகம் அதுதான், கட்டடம் பூட்டியிருந்த நாளில் உங்கள் கையெழுத்து இருந்தால் மற்ற பக்கங்களையும் யாரும் நம்ப மாட்டார்கள். தீயணைப்புத் துறை உரிமம், லிஃப்ட் உரிமம், இரண்டிலும் அச்சிட்டிருக்கும் தேதியை இன்றைக்கே பாருங்கள். ஜனவரி நடுவில் முடிகிறதென்றால் டிசம்பரிலேயே விண்ணப்பம் போயிருக்க வேண்டும், போகவில்லையென்றால் நாளைக்கே அனுப்பி ரசீதைக் கோப்பில் வையுங்கள்.

தீயணைப்பு சிலிண்டர்களை மூடும் வாரத்தில் ரீஃபில்லுக்கு அனுப்பாதீர்கள். கடைக்காரரும் ஊருக்குப் போய்விடுவார், உங்கள் சிலிண்டர் பொங்கல் முடிந்துதான் திரும்பி வரும், அதுவரை கொக்கி காலி. ஏபிசி பவுடர் சிலிண்டரில் முள் பச்சையில் இருக்கிறதா என்று பார்த்தால் போதும், கார்பன் டை ஆக்சைடு சிலிண்டருக்கு முள் கிடையாது, தராசில் வைத்து எடை பார்க்க வேண்டும், பத்து சதவீதம் குறைந்திருந்தால் அது ரீஃபில்லுக்குப் போக வேண்டியது. இதை மாதத் தொடக்கத்திலேயே முடித்துவிடுங்கள்.

இன்சூரன்ஸ் பற்றி ஒரு வார்த்தை. ஐந்து நாள் மூடுவதால் பிரச்சினை இல்லை. ஆனால் வழக்கமான தீ காப்பீட்டு பாலிசியில் கட்டடம் 30 நாளுக்குமேல் ஆளில்லாமல் கிடந்தால், முன்கூட்டியே சொல்லி ஒப்புதல் வாங்காவிட்டால், பாதுகாப்பு நின்றுவிடும் என்று ஒரு நிபந்தனை உண்டு. வாடகைக்கு ஆள் வராமல் மாதக்கணக்கில் காலியாகக் கிடக்கும் மாடி இருந்தால் பாலிசியை எடுத்து அந்த வரியைப் படித்துவிடுங்கள்.

திறக்கும் நாள். ஊழியர்கள் ஒன்பதரைக்கு வருகிறார்கள் என்றால் நீங்கள் ஏழு மணிக்குப் போங்கள். முதலில் அடித்தளத்தின் எக்ஸாஸ்டை ஓட்டிக் கொஞ்ச நேரம் காற்றாட விடுங்கள். பம்ப் அறையில் கேஜைப் பாருங்கள், பேனலில் ஐசோலேட் ஆன ஸோன் ஏதும் மிச்சமில்லை என்று பாருங்கள். லிஃப்டை ஆள் இல்லாமல் மேலும் கீழும் இரண்டு தடவை ஓட்டுங்கள். ஒவ்வொரு மாடியிலும் குழாய்களைத் திறந்து சில நிமிடம் தண்ணீரை ஓட விடுங்கள், நம் மொட்டை மாடித் தொட்டியில் வெதுவெதுப்பாகத் தேங்கி நிற்கும் தண்ணீர் லீஜியனெல்லா போன்ற பாக்டீரியாவுக்கு ஏற்ற வெப்பத்தில்தான் இருக்கும். ஏசி ட்ரே, பூந்தொட்டித் தட்டு, டயர், தூக்கிப்போட்ட வாளி எல்லாவற்றையும் கவிழ்த்துவிடுங்கள், டெங்கு கொசுவின் முட்டை கொசுவாக ஏழு முதல் பத்து நாள் போதும், பாதி வழி அது ஏற்கெனவே வந்திருக்கும். அப்புறம் ஏசிகளை ஒரு மாடி, பத்து நிமிட இடைவெளி, அடுத்த மாடி என்று போடுங்கள், எல்லாம் ஒரே நேரத்தில் ஏறினால் ப்ரேக்கர் ட்ரிப் ஆகும். இரவு நின்ற இரண்டு செக்யூரிட்டிகளிடமும் உட்கார்ந்து ஐந்து நாளில் என்னென்ன பார்த்தார்கள், எந்த நேரத்தில் எந்தச் சத்தம் வந்தது என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அந்த மூன்றாவது மாடி வால்வு மாதிரி எதுவாக இருந்தாலும் அவர்கள் காதில்தான் முதலில் விழுந்திருக்கும்.